பூங்கா நடையும் பருவமும்

மாரடைப்பிலிருந்து மீண்டு நடைப்பயிற்சி தொடங்குவோர் பலருக்குச் சென்னை கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவை நாங்கள் பரிந்துரைப்பதுண்டு. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் 2010இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 20 ஏக்கர்ப் பூங்கா அது. நிழலுண்டு, களைத்தால் அமர இருக்கையுண்டு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

ஆயினும் தை மாதத்து நடையைச் சித்திரையில் அப்படியே தொடரலாகாது. கத்திரி வெயிலில் வியர்வையால் உடலின் நீர் குறையும். நீர் பிரிவதற்கான மாத்திரை உட்கொள்வோருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து, எழும்போது தலை சுற்றும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. இதயச் செயலிழப்பு உள்ளோர் தாகத்திற்கென வரம்பின்றி நீர் அருந்துவதும் அவ்வாறே. கோடைக்குரிய அளவுகளை மருத்துவரிடம் கேட்டுப் பெறுக.

மார்கழிக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். சென்னையில் குளிரா என்று நகைக்க வேண்டா. விடியலைத் தவிர்த்து, வெயில் வந்தபின் நடக்கலாம். போகிப் புகை மூடிய காலையில் வீட்டுக்கூடத்திலேயே நடப்பது நன்று. அடைமழை நாட்களுக்கும் அதுவே.

எப்பருவத்திலும் நெஞ்சு இறுகினால், பூங்கா வாசல்வரை நடந்துவிட முயலாதீர். அங்கேயே அமர்ந்து, உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால், நாவின்கீழ் வைக்கும் மாத்திரையைப் பயன்படுத்துக. ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிடில், உடன் வந்தவர் 108ஐ அழைக்கட்டும்.