விமானப் பாடமும் நாங்களும்

சனிக்கிழமை காலை என்றால் நம் பள்ளித் திடலில் பூட்ஸ் ஒலி கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவைச் சேர்ந்த நாங்கள் அணிவகுத்து நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அணிவகுப்பு முடிந்தபின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து நாங்கள் படிக்கும் பாடத்தைப் பற்றி அறிந்தவர் சிலரே. "நீங்கள் விமானமா ஓட்டப் போகிறீர்கள்?" என்று தோழியர் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கும், "இந்தப் படிப்பெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கும் விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் தோன்றியது. மறு ஆண்டு மாணவியர் பிரிவும், 1950இல் விமானப் பிரிவும் தொடங்கப்பட்டன. பள்ளியில் இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்தவர்கள் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். அதில் அணிவகுப்பு முதலிய பொதுப் பாடங்களோடு, விமானம் பறக்கும் தத்துவம், எஞ்சின், வழியறிதல், வானிலை, மாதிரி விமானம் செய்தல் ஆகிய சிறப்புப் பாடங்களும் உண்டு.

நாங்கள் செய்த தவறு

பிற பாடங்களைப் படித்தது போலவே இதையும் படித்தோம். அதாவது, குறிப்பேட்டை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தோம். "விமானம் எப்படிப் பறக்கிறது?" என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரே விடை இருந்தது. "இறக்கையின் மேற்புறம் வளைந்தது, கீழ்ப்புறம் தட்டையானது. மேலே செல்லும் காற்று அதிகத் தூரம் செல்ல வேண்டும். கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையில் சேர்வதற்காக அது விரைந்து ஓடுகிறது. வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. ஆகவே இறக்கை மேலே தூக்கப்படுகிறது." இதை மூச்சு விடாமல் ஒப்பிப்போம்.

எங்களுள் ஒருத்திக்கு மட்டும் மனப்பாடம் வரவில்லை. பாதியில் நின்றுவிடுவாள். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் இயற்பியல் சிஸ்டரிடம் போய், "என் பெயரை எடுத்துவிடுங்கள், சிஸ்டர். எனக்கு இது வராது" என்றாள். "எந்த இடத்தில் நின்றுபோகிறாய்?" என்று சிஸ்டர் கேட்டார்கள். அவள் தயங்கித் தயங்கி, "மேலே போகிற காற்றுக்கு, கீழே போகிற காற்று எப்போது வந்து சேரும் என்று எப்படித் தெரியும், சிஸ்டர்?" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "அவளுக்கு நீங்கள் விடை சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார்கள். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. "நம் விமானப்படையின் சூர்யகிரண் குழு விமானங்கள் தலைகீழாகவும் பறக்கின்றனவே! அப்போது வளைந்த புறம் கீழே வந்துவிடுமே, ஏன் விழவில்லை?" என்று அடுத்த கேள்வியும் வந்தது. அன்றுதான் நாங்கள் ஒப்பித்த விடையில் ஓட்டை இருப்பது தெரிந்தது.

மேலே செல்லும் காற்று வேகமாகச் செல்வதும், அங்கே அழுத்தம் குறைவதும் உண்மை. ஆனால் "ஒரே நேரத்தில் சேர்வதற்காக" என்ற காரணம் தவறு. இரு பகுதிக் காற்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று இயற்கையில் எந்த விதியும் இல்லை. புகை விட்டுச் சோதித்தால், மேலே செல்லும் காற்று கீழே செல்வதற்கு முன்பே பின்முனையை அடைந்துவிடுகிறது. பிழையான காரணத்தைச் சரியான முடிவோடு சேர்த்து, இவ்வளவு நாள் ஒப்பித்திருக்கிறோம்!

மின்விசிறியும் தையல் நூலும்

சிஸ்டர் மேசை மின்விசிறியை ஆய்வுக்கூட மேசைமேல் வைத்தார்கள். பரீட்சை அட்டை ஒன்றை எடுத்து, அதன் மேற்புறத்தில் தையல் வகுப்பு நூலைச் சிறு சிறு துண்டுகளாக ஒட்டச் செய்தார்கள். பின் ஒவ்வொருவராக அந்த அட்டையைக் காற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம்.

அட்டையைப் படுக்கையாகப் பிடித்தால் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்விளிம்பைச் சிறிது உயர்த்தியதும் அட்டை மேலே எழ முயல்வதைக் கை உணர்ந்தது. நூல்கள் அட்டையோடு ஒட்டிப் பின்னோக்கிப் படிந்திருந்தன. அட்டைக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தபோது காற்று கீழ்நோக்கி வீசியது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. ஒன்பதாம் வகுப்பில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது! அழுத்த வேறுபாடு என்று சொல்வதும், காற்று கீழே திருப்பப்படுகிறது என்று சொல்வதும் ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்திலிருந்து பார்ப்பதே. தலைகீழாகப் பறக்கும் விமானியும் இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைச் சரியாக வைத்துக்கொண்டு காற்றைக் கீழே தள்ளுகிறார். அதனால் விழுவதில்லை.

இந்தக் கோணத்தைத்தான் 'ஆங்கிள் ஆஃப் அட்டாக்' என்கிறார்கள். கோணம் மாறாதிருக்க, வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். வேகம் குறைந்தால் கோணத்தைக் கூட்ட வேண்டும். தரையிறங்கும் விமானம் மூக்கை உயர்த்தி வருவதன் காரணம் இதுவே.

அட்டையை மேலும் மேலும் உயர்த்தினோம். திடீரென்று நூல்கள் படபடத்துத் தாறுமாறாகப் பறந்தன. அட்டை மேலே எழுவதற்குப் பதிலாகப் பின்னே தள்ளியது. "இதுதான் ஸ்டால்" என்றார்கள் சிஸ்டர். ஸ்டால் என்றால் எஞ்சின் நின்றுபோவது என்றே அதுவரை எண்ணியிருந்தோம். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் நேரலாம். சாதாரண இறக்கையில் கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால், மேற்புறக் காற்று இறக்கையைவிட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை குறைந்துபோகும். அதிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும். விழும்போது மேலே இழுக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் கீழே தாழ்த்துவதே காக்கும்.

அறிவு உயிரைக் காக்கும்

இது வெறும் தேர்வுக் கேள்வி அன்று. 2009 ஜூன் 1ஆம் நாள் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர்பஸ் விமானம் ஒன்று அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் மாண்டனர். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததால், சிறிது நேரம் வேகமானி சரியாகக் காட்டவில்லை. அந்தக் குழப்பத்தில் மூக்கு உயர்த்தப்பட்டு விமானம் ஸ்டால் ஆயிற்று. எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த விமானிகளைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. நள்ளிரவில், புயல் மேகங்களுக்கு நடுவே அவர்கள் பட்ட பாட்டை நாம் அறியோம். அன்று வகுப்பு முடிவில் இறந்தவர்களுக்காக ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொன்னோம்.

மற்றொரு நிகழ்ச்சி கனடாவில் 1983 ஜூலை 23இல் நடந்தது. ஒரு போயிங் 767 விமானத்துக்கு எரிபொருள் கணக்கிட்டபோது கிலோகிராமுக்குப் பதில் பவுண்டு எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். ஆகவே தேவையானதில் பாதியும் இல்லை. 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து, இரு எஞ்சின்களும் நின்றன. விமானத் தலைவர் ராபர்ட் பியர்சன் எஞ்சினில்லாக் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்த அறிவைக் கொண்டு கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தனர். கணக்கில் அலகு எழுதாமல் விட்டு மதிப்பெண் இழக்கும் நாங்கள், இதைக் கேட்டபின் அலகை மறப்பதில்லை!

நம் ஊரிலும் உண்டு

வழியறிதல் பாடத்தில் ஓடுபாதை எண்களைப் பற்றிப் படித்தோம். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும், மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். காந்த வடக்கிலிருந்து அளந்த திசைப் பாகையைப் பத்தால் வகுத்துக் கிட்டிய முழு எண்ணாக எழுதுவது இது. 07 என்றால் ஏறத்தாழ 70 பாகை. எதிர்த்திசை 180 பாகை தள்ளியிருப்பதால் 18 கூட்டினால் 25. திருச்சியில் 09, 27. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

வானிலைப் பாடம் நம் கடற்கரைக்கு மிகவும் நெருக்கமானது. உயரமானி உண்மையில் காற்றழுத்தத்தையே அளக்கிறது. தரைக்கு அருகில் ஏறத்தாழ 30 அடி உயர்ந்தால் அழுத்தம் 1 மில்லிபார் குறையும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, அழுத்தம் 10 மில்லிபார் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விமானி உயரமானியைத் திருத்தாவிட்டால் அது ஏறத்தாழ 300 அடி கூடுதலாகக் காட்டும். மழைத்திரையில் அந்த 300 அடி எத்தகைய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

தங்கைமார்க்குச் சில குறிப்புகள்

1. ஒவ்வொரு விடையையும் சொந்தச் சொற்களில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்குச் சொல்லிப் பாருங்கள். அவளுக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கிறது.

2. "ஏன்?" என்று இரண்டு முறை கேளுங்கள். முதல் 'ஏன்' குறிப்பேட்டில் இருக்கும். இரண்டாவது 'ஏன்'தான் பாடம்.

3. படம் வரைந்து தூக்குவிசை, எடை, உந்துவிசை, இழுவிசை என்ற நான்கையும் அம்புக்குறியால் காட்டப் பழகுங்கள்.

4. மனப்பாடம் செய்ய வேண்டியவற்றை மனப்பாடம் செய்யுங்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற வானொலி எழுத்துமுறை அப்படிப்பட்டது. பி, டி, இ ஆகியவை வானொலியில் ஒன்றுபோல் கேட்பதால் அது ஏற்பட்டது. காரணம் தெரிந்தபின் அதுவும் எளிதாயிற்று.

நிறைவாக

தேர்வு எழுதுவோருக்கும் வானில் பறப்போருக்கும் ஒரே புனிதர் பாதுகாவலராக இருக்கிறார் என்பதை எங்களுள் பலர் அறியாதிருந்தோம். அவர் 1603 முதல் 1663 வரை வாழ்ந்த குப்பர்த்தினோ புனித சூசையப்பர். படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்டவர். தேர்வில் அவருக்கு நன்கு தெரிந்த ஒரே பகுதியிலிருந்து கேள்வி வந்தது என்று அவர் வரலாறு கூறுகிறது. "எங்களுக்கும் அப்படியே வரட்டும்" என்று வேண்டிக்கொண்டோம். சிஸ்டர் புன்னகைத்து, "அந்த ஒரு பகுதியை அவர் எவ்வளவு உண்மையாக அறிந்திருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

பெயரை எடுத்துவிடச் சொன்ன தோழி தேர்வு எழுதினாள். வெளியே வந்ததும் நாங்கள் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, விடைகள் சரியா என்று அவளிடமே கேட்டோம். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. 2016 ஜூன் மாதத்தில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூவர் நம் விமானப்படையின் முதல் பெண் போர்விமானிகளாயினர். எங்களுள் எவரேனும் அவ்வழியில் செல்வோமா என்பது இறைவன் சித்தம். ஆனால் இனி எந்தப் பாடத்திலும் "ஏன்?" என்று கேட்பவளைப் பார்த்து நாங்கள் சிரிக்கமாட்டோம்.