நெல் வயலில் களையை முளைக்குமுன் அடக்கும் முறைகள்

நெற் சாகுபடியில் உழவு, எரு, நடவு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கும் குடியானவர், களையெடுப்புக்கு மாத்திரம் ஒதுக்குவது அரிது. நடவு முடிந்து மூன்றாம் வாரத்தில் களை தலைகாட்டிய பின்னரே அச்செலவு கண்ணுக்குத் தெரிகிறது. அதே வாரத்தில் ஊரிலுள்ள எல்லா வயல்களுக்கும் ஆள் தேவைப்படுவதால் கூலி உயர்கிறது. ஆள் கிடைக்காதவருடைய பயிர் பின்தங்குகிறது. பயிருக்கென்று சங்கத்தில் வாங்கிய கடன் களைக்கூலியாய்க் கரைந்து, அறுவடையில் தவணை கட்ட வழியின்றிப் போவதும் உண்டு. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்னும் பழமொழி இந்நஷ்டத்தை அறிந்தவர் சொல்லிய மொழியாகும்.

இரசாயனக் களைக்கொல்லியை விலக்கி இயற்கை முறையில் பயிரிடுவோருக்கு இவ்விஷயம் பின்னும் முக்கியமானது. முளைத்த களையைப் பறிப்பதைக் காட்டிலும், முளைக்குமுன் அடக்குவதே அவர்களுக்குச் செலவு குறைந்த வழி. அதில் ஒரு பகுதியை ஒவ்வொருவரும் தத்தம் வயலில் செய்துகொள்ளலாம். மற்றொரு பகுதி ஒரே வாய்க்காலின்கீழ் உள்ளவர்கள் ஒன்றுகூடினாலன்றி நிறைவேறாது.

1. களைகளை இனம் அறிதல்

நெல் வயலில் காணும் களைகள் மூவகைப்படும். குதிரைவாலிப் புல் போன்றவை புல்லினம்; ஊசிக் கோரை, வட்டக் கோரை முதலியவை கோரையினம்; ஆரை, நீர்க்கிராம்பு, கரிசலாங்கண்ணி முதலியவை அகன்ற இலையினம். இவற்றுள் குதிரைவாலிப் புல்லே பெரும் பகை. இளமையில் அது நெல்லைப் போலவே தோன்றும். கையால் களை பறிப்போர் பல தலைமுறைகளாக வேறுபட்டுத் தெரிந்தவற்றையே பறித்து வந்ததால், நெல்லை ஒத்த தோற்றமுடையவை தப்பிப் பெருகின என்று தாவர சாஸ்திரிகள் கூறுவர்.

ஆயினும் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. இலையைத் தண்டிலிருந்து மெல்ல விலக்கி, இலையும் உறையும் கூடும் இடத்தை நோக்கவேண்டும். நெல்லுக்கு அவ்விடத்தில் மெல்லிய நாக்குப் போன்ற சவ்வும், இருபுறமும் மயிரடர்ந்த சிறு செவிகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு இவ்விரண்டும் இல்லை. களையெடுக்க வரும் பெண்டிருக்கு நாற்றங்காலிலேயே இதைக் காட்டிவிட்டால், நாற்றோடு சேர்த்துக் களையையும் நடும் தவறு குறையும்.

2. விதையும் எருவும்

களை வயலுக்கு வரும் முதல் வழி விதைநெல். உப்புக் கரைசலில் விதையைத் தேர்வது பழகிய முறை. நல்ல கோழிமுட்டையைத் தண்ணீரில் இட்டு, அது மேலே மிதந்து சிறு காசளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைக்கவேண்டும். அதில் விதையைக் கொட்டினால் பதரும், இலேசான களைவிதையும் மிதக்கும். அவற்றை அரித்தெடுத்துவிட்டு, அடியில் தங்கிய நெல்லை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கலாம்.

இரண்டாம் வழி எரு. களைவிதையைத் தின்ற மாட்டின் சாணத்தில் அவ்விதைகளிற் பல உயிரோடு வெளிவரும். குப்பையைக் குவித்து, ஈரம் காத்து, பலமுறை புரட்டிவிட்டால் குவியல் நன்றாய்ச் சூடேறி விதை சாகும். புரட்டாத குப்பையின் ஓரங்கள் சூடேறுவதில்லை. அத்தகைய குப்பையை வயலில் இடுவது களையை விதைப்பதற்கு ஒப்பாகும்.

3. உழவும் பரம்பும்

கோடை மழைக்குப்பின் உழுது விட்டால், அருகின் வேரும் கோரைக் கிழங்கும் மேலே வந்து வெயிலில் காயும். அதன்பின் தண்ணீர் வசதியிருந்தால் தக்கைப்பூண்டு விதைக்கலாம். அது அடர்ந்து வளர்ந்து நிலத்தை மூடுவதால் கீழே களை வெளிச்சமின்றி நலியும். 40 முதல் 45 நாட்களில் மடக்கி உழுதால் பசுந்தாளுரமும் ஆகும்.

சேற்றுழவை ஒரே மூச்சில் முடித்து மறுநாளே நடுவது வழக்கத்தில் உள்ள பிழை. முதற் சேற்றுழவு செய்தபின் நிலத்தை ஈரமாய் வைத்து 7 முதல் 10 நாள் பொறுத்தால், மேல்மண்ணில் உள்ள களைவிதைகள் முளைத்துவிடும். அவ்விளங் களைகளை இரண்டாம் உழவில் சேற்றுக்குள் புதைத்துவிடலாம். இதற்காகும் செலவு ஓர் உழவும் ஒரு வாரப் பொறுமையும் மாத்திரமே.

இறுதியில் பரம்படித்து நிலத்தைச் சமப்படுத்துவது மிகவும் அவசியம். மேடு இருக்கும் இடத்தில் தண்ணீர் நில்லாது; தண்ணீர் நில்லாத இடத்திலேதான் புல் முளைக்கும்.

4. தண்ணீரே காவல்

புல்விதை முளைப்பதற்குக் காற்று வேண்டும். நட்ட நாற்று வேர்பிடித்ததும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி வந்தால் குதிரைவாலிப் புல்லும் கோரையும் பெரும்பாலும் அடங்கும். நட்டதிலிருந்து முதல் 30, 40 நாட்களே பயிருக்கும் களைக்கும் போட்டி மிகுந்த காலம். அதற்குள் பயிர் தூர்கட்டி நிழல் விழச் செய்தால், பின்னர் முளைப்பவை தலையெடுக்க மாட்டா. ஆனால் ஆரை முதலிய நீர்க்களைகள் தண்ணீருக்கு அஞ்சுவதில்லை; அவற்றைக் கருவியாலோ கையாலோதான் நீக்கவேண்டும்.

5. வரிசை நடவும் உருளைக் கருவியும்

1980களில் மடகாஸ்கர் தீவில் ஆன்றி தெ லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் வகுத்த முறை, தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்றும் ஒற்றை நாற்று நடவு என்றும் வழங்குகிறது. இதில் இளநாற்றைப் பத்து அங்குலச் சதுரத்துக்கு ஒன்றாக நடுவர். நிலம் திறந்து கிடப்பதாலும், தண்ணீரைக் காயவிட்டுக் கட்டுவதாலும் களை அதிகம் முளைக்கும். ஆகையால் நட்ட 10ஆம் நாள் முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை, கோனோ வீடர் எனப்படும் உருளைக் கருவியைக் குறுக்கும் நெடுக்குமாய் ஓட்டவேண்டும். களை சேற்றில் அமிழ்ந்து எருவாகும். வேருக்குக் காற்றும் கிட்டும்.

இவ்வேலையின் அளவையும் அறிந்துகொள்ளவேண்டும். பத்து அங்குல இடைவெளியில் ஓர் ஏக்கரை ஒரு திசையில் ஓட்டி முடிக்க ஏறக்குறைய 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர், நடக்கவேண்டும். குறுக்கேயும் ஓட்டினால் 20 மைல். சேற்றில் இத்தனை தூரம் ஒருவரே நடப்பது கடினம். இருவர் மூவர் மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். வரிசை கோணலானால் கருவி பயிரை மிதிக்கும். ஆதலால் நடவின்போதே முடிச்சிட்ட கயிறு பிடித்து நடுவது இன்றியமையாதது.

6. அசோலாவும் வாத்தும்

அசோலா நீரில் மிதக்கும் ஒரு சிறு பெரணி. காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் நீலப்பாசி அதன் இலையில் வாழ்கிறது. நட்ட ஒரு வாரத்தில் இதைத் தூவினால் நீர்ப்பரப்பைப் போர்வைபோல் மூடிக் களைக்கு வெளிச்சம் கிடைக்காமற் செய்யும். பின்னர் மிதித்துவிட்டால் உரமாகும். கடுங்கோடையில் இது செழிப்பதில்லை.

ஜப்பானில் தகாவோ புருனோ என்னும் விவசாயி 1988 முதல் வளரும் நெற்பயிரினூடே வாத்துக்குஞ்சுகளை விட்டு, களையையும் பூச்சியையும் அடக்கிக் காட்டினார். காவேரிப் பாசனப் பகுதியில் அறுவடைக்குப்பின் வாத்து மேய்ப்பது பழக்கமே. பயிருக்குள் விடுவதே புதிது. நாற்று வேர்பிடித்த பின்னர் குஞ்சுகளையே விடவேண்டும். கதிர் வந்ததும் தவறாமல் வெளியேற்றவேண்டும். நாய், நரி அணுகாமல் வலைவேலியும் தேவை.

7. சங்கம் செய்யத்தக்கவை

வாய்க்கால் கரையில் பூத்த புல்லை ஒருவர் அறுக்காது விட்டால், அதன் விதை தண்ணீரில் மிதந்து கீழ்மடைக்காரர் வயலில் சேரும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்க வல்லது. ஒருவருடைய சோம்பல் இவ்வாறு பலருடைய கடனாய் மாறுகிறது. ஆகையால் சங்கக் கூட்டத்தில் பின்வருவனவற்றை ஆலோசித்துத் தீர்மானிப்பது நலம்.

முதலாவது, தண்ணீர் வருமுன் வரப்பையும் வாய்க்கால் கரையையும் எல்லோரும் ஒரே நாளில் சுத்தம் செய்தல். இரண்டாவது, களைவிதையைத் தடுக்க ஒவ்வொரு வாய்மடையிலும் மூங்கில் தட்டியோ வலையோ கட்டுதல். மூன்றாவது, இரண்டு சேற்றுழவுக்கும் இடையே ஒரு வாரம் கிடைக்கும்படி தண்ணீர் முறையை வகுத்தல். நான்காவது, உருளைக் கருவிகளைச் சங்கத்தின் பொதுவுடைமையாய் வாங்கி, நடவுத் தேதி வரிசைப்படி கொடுத்தல். ஐந்தாவது, பயிர்க்கடனில் களையெடுப்புக்குரிய பகுதியைத் தனியே நிறுத்தி, நடவுக்குப்பின் இரண்டாம் வாரத்தில் வழங்குதல்.

இவற்றுள் முதலாவதற்குப் பணம் வேண்டியதில்லை. கரையிலுள்ள புல் பூத்து விதை முற்றுமுன் அரிவாளை எடுத்தால் போதும். இவ்வாறு இரண்டு மூன்று போகம் தவறாது செய்துவரும் வாய்க்காலில், களைக்கூலி குறைந்த அளவுக்குத் தவணைப் பணம் குடியானவர் கையில் மிஞ்சும்.