தீர விசாரிப்பதே மெய்

மலேசியாவில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் உழைப்பின் ஒரு பகுதியை வரியாகவோ சந்தாவாகவோ செலுத்துகிறார். நோய், விபத்து, வேலையிழப்பு, முதுமை ஆகியவை நேரும்போது அந்தப் பணம் பல்வேறு உதவித் திட்டங்களின் வழியாக அவரிடமே திரும்பி வருகிறது. எந்தத் திட்டத்தில் என்ன உதவி கிடைக்கும், அதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை அறிய விரும்புவோர் பலர் முதலில் நாடுவது உதவித் தொலைபேசிச் சேவையைத்தான். வீட்டிலிருந்தபடியே சில நிமிடங்களில் பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால், அந்தப் பதில் தவறாக இருந்தால் என்ன செய்வது?

தொலைபேசியில் பதிலளிப்பவர் வேண்டுமென்றே தவறான தகவலைத் தருவதில்லை. ஒரே நாளில் பல திட்டங்களைப் பற்றிப் பலருக்கு அவர் விளக்கம் அளிக்க வேண்டியிருக்கிறது. அழைப்பவர் சொல்லும் ஓரிரு சொற்களை வைத்தே, முன்னரே தயாரிக்கப்பட்ட வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்து அவர் பேசக்கூடும். சட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பழைய குறிப்பு புதிய நிலைமைக்குப் பொருந்தாமல் போகலாம். சில வேளைகளில் அழைப்பவரே முக்கியமான ஒரு விவரத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார். காரணம் எதுவாக இருந்தாலும், தவறான பதிலால் ஏற்படும் இழப்பு அதை நம்பியவருக்கே.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொழிற்சாலை ஒன்றில் இயந்திர இயக்குநராகப் பணிபுரியும் ஒருவர், காலை ஏழு மணி வேலைக்காக வழக்கமான சாலையில் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருக்கிறார். சந்திப்பு ஒன்றில் நாய் குறுக்கே ஓடிவர, வண்டி சறுக்கி விழுகிறது. அவருடைய காலெலும்பு முறிகிறது. மருத்துவர் அவருக்கு 42 நாள்கள் மருத்துவ விடுப்பு வழங்குகிறார். சம்பளத்துடன் கூடிய விடுப்பு அவருக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, அன்றாட உணவு ஆகிய அனைத்தும் அவருடைய வருமானத்தை நம்பியே இருக்கின்றன.

அவர் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவை ஒன்றை அழைத்தார். தமக்குச் சாலை விபத்து ஏற்பட்டதாகவும், சொக்சோ உதவி கிடைக்குமா என்றும் மலாய்மொழியில் கேட்டார். “சாலை விபத்து என்றால் வாகனக் காப்புறுதியைத்தான் நாட வேண்டும். வேலையிடத்தில் நடந்த விபத்துக்கு மட்டுமே சொக்சோ உதவி கிடைக்கும்,” என்று மறுமுனையில் பேசிய பணியாளர் கூறினார். அவர் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இருந்ததோ மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. அது அவருடைய சொந்தக் காயத்திற்குப் பணம் தராது.

படிவம் நான்கில் பயிலும் அவருடைய மகள் அருகில் அமர்ந்து அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எந்தச் சட்டத்தின்படி கிடைக்காது என்று சொன்னார்?”

“அதையெல்லாம் நான் கேட்கவில்லையம்மா. அங்கே வேலை செய்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.”

“நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் விழுந்ததைச் சொன்னீர்களா, அப்பா?”

அவர் சற்று யோசித்தார். “சாலை விபத்து என்று மட்டும்தான் சொன்னேன்.”

அந்த ஒரு விவரம்தான் முழு நிலைமையையும் மாற்றக்கூடியது. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. அதற்கு அடிப்படையாக அமைந்திருப்பது 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு பயணத்தின்போது நேரும் விபத்துகளைப் பற்றிக் கூறுகிறது. வசிக்கும் இடத்திற்கும் வேலையிடத்திற்கும் இடைப்பட்ட வழியில் தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், அது வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். வேலையுடன் நேரடித் தொடர்புடைய பயணத்திற்கும் இது பொருந்தும். அனுமதிக்கப்பட்ட ஓய்வு நேரத்தில் உணவு உண்ணும் இடத்திற்குச் சென்று திரும்பும் பயணமும் இதில் அடங்கும்.

அந்தத் தொழிலாளிக்குக் கிடைக்கக்கூடியது தற்காலிக இயலாமை உதவித்தொகை. விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள்கள் மருத்துவ விடுப்பில் இருப்பவர் இதனைப் பெறத் தகுதி பெறுகிறார். சம்பளம் பெறாத விடுப்பு நாள்களுக்கு, அவருடைய சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வழங்கப்படும். சராசரி நாள் சம்பளம் 60 ரிங்கிட் எனக் கணக்கிடப்பட்டால், நாள் ஒன்றுக்கு 48 ரிங்கிட் கிடைக்கும். 42 நாள்களுக்கு அது 2,016 ரிங்கிட். தவறான பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் அக்குடும்பம் இழந்திருக்கும் தொகை இதுதான்.

மகள் சொக்சோவின் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தில் இவ்விவரங்களைத் தேடிப் படித்தாள். பின்னர்த் தந்தையும் மகளும் இரண்டாவது அழைப்புக்குத் தயாரானார்கள். விபத்து நடந்த தேதி, நேரம், இடம், வேலை தொடங்கும் நேரம், வழக்கமாகச் செல்லும் வழி ஆகியவற்றை மகள் ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். பேச வேண்டியவர் தந்தையே என்பதால் அவரே எண்களை அழுத்தினார். முதலில் பணியாளரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு தாளில் இருந்ததை நிதானமாகப் படித்தார். இம்முறையும் அதே பதில்தான் வந்தது.

“புவான், உங்களோடு வாதாட நான் அழைக்கவில்லை,” என்றார் தந்தை. “வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தைப் பற்றிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவு எனக்குப் பொருந்தாது என்றால், காரணத்தை எழுத்து மூலம் தர முடியுமா?”

சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் அந்தப் பணியாளர், “ஐயா, நாங்கள் பொதுவான விளக்கம் மட்டுமே தருகிறோம். முடிவெடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. நீங்கள் சொக்சோ கிளை அலுவலகத்தில் கோரிக்கையைச் சமர்ப்பியுங்கள், அவர்கள் ஆராய்ந்து முடிவு சொல்வார்கள்,” என்றார். அழைப்பின் குறிப்பு எண்ணையும் அவரே தந்தார்.

பணியாளரின் இந்தப் பதிலில் அடிப்படையான ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தொலைபேசியில் சொல்லப்படுவது விளக்கம். அது முடிவு ஆகாது. முறையான கோரிக்கையைச் சமர்ப்பித்த பிறகே அதிகாரம் பெற்ற அலுவலர் அதனை ஆராய்ந்து முடிவெடுக்கிறார். அந்த முடிவு எழுத்து வடிவில் வரும். எழுத்தில் வந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி உண்டு. தொலைபேசிப் பேச்சை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இயலாது. “உங்களுக்குக் கிடைக்காது” என்ற சொல்லைக் கேட்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடுபவர், தம் கோரிக்கையை யாரும் ஆராயும் முன்னரே கைவிட்டுவிடுகிறார்.

கோரிக்கைக்கு வலுச் சேர்ப்பவை சான்றுகள். பயண விபத்தைப் பொறுத்தவரை, காவல் நிலையத்தில் செய்த புகாரின் நகல், மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள், வேலைக்கு வந்த நேரத்தைக் காட்டும் வருகைப் பதிவு, சம்பள விவரம் ஆகியவை தேவைப்படும். வீட்டிலிருந்து வேலையிடத்திற்குச் செல்லும் வழியையும் விபத்து நடந்த இடத்தையும் காட்டும் வரைபடமும் வேண்டும். அந்த வரைபடத்தை மகளே வரைந்தாள். முதலாளிக்கும் இதில் கடமை உண்டு. விபத்தைப் பற்றி அவர் 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த அன்றே மனைவி தொழிற்சாலைக்குத் தகவல் கொடுத்திருந்ததால், அங்கிருந்து செல்ல வேண்டிய அறிக்கை தாமதமின்றிச் சென்றிருந்தது. கிளை அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்த்தது, கோரிக்கை ஏற்கப்பட்டது.

எல்லாக் கோரிக்கைகளும் இவ்வாறு ஏற்கப்படும் என்று கூற முடியாது. அதே 24ஆம் பிரிவு ஒரு வரம்பையும் விதிக்கிறது. பயணத்தை இடையில் நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கும்போதோ, வழியை விட்டு விலகிச் செல்லும்போதோ விபத்து நேர்ந்தால் அது வேலை விபத்தாகக் கருதப்படாது. வேலை முடிந்து நண்பரின் வீட்டிற்குச் செல்லும் வழியில் விழுந்த ஒருவர், நேராக வீடு திரும்பும்போது விழுந்ததாகக் கூறினால் அது பொய்யான கோரிக்கையாகிவிடும். தவறான பதிலைத் திருத்த முற்படுபவர் தம் பக்க உண்மைகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், நிராகரிப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தை முதலில் கவனமாகப் படிக்க வேண்டும். ஆவணம் ஏதேனும் விடுபட்டிருந்தால் அதனைச் சேர்த்து மறு ஆய்வு கேட்கலாம். சட்டத்தைப் புரிந்துகொண்டதில் கருத்து வேறுபாடு இருந்தால், சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். எந்தக் காலத்திற்குள் முறையிட வேண்டும் என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம்.

கால வரம்பு எவ்வளவு முக்கியமானது என்பதை வேறொரு திட்டமும் உணர்த்துகிறது. வேலையிழந்தோருக்கு உதவும் வேலை காப்புறுதித் திட்டம் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தாமாகவே வேலையை விட்டு விலகியவருக்கு இத்திட்டத்தில் பொதுவாக உதவி கிடைப்பதில்லை. ஆனால், நிறுவனம் ஆள்குறைப்புக்காக அறிவிக்கும் தன்விருப்பப் பணிவிலகல் திட்டத்தின் கீழ் விலகியவர் விண்ணப்பிக்கலாம். “நீங்களே கையெழுத்திட்டு விலகிவிட்டீர்கள், அதனால் கிடைக்காது” என்று யாரேனும் மேலோட்டமாகச் சொல்வதைக் கேட்டு அவர் காத்திருந்தால் பேரிழப்பு நேரும். வேலையிழந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் முயற்சி ஒரு பக்கம் நடக்கட்டும். விண்ணப்பத்தை அதற்குள் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

மேல்முறையீடும் புகாரும் ஒன்றல்ல என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தமக்குரிய உதவித்தொகையைப் பெறுவதற்காகச் செய்வது மேல்முறையீடு. சேவையில் உள்ள குறையைச் சுட்டிக்காட்டுவது புகார். நம் நாட்டு அரசாங்கத் துறைகள் 1993ஆம் ஆண்டு முதல் வாடிக்கையாளர் சாசனத்தை வெளியிட்டு வருகின்றன. பொதுமக்களுக்கு எத்தகைய சேவையை வழங்குவோம் என்று துறைகள் தரும் உறுதிமொழி அது. அந்த உறுதிமொழிக்கு மாறான சேவை கிடைத்தால், முதலில் அத்துறையிடமே புகார் செய்யலாம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பொதுப் புகார் பிரிவை அணுகலாம். அழைத்த தேதி, நேரம், பேசியவரின் பெயர், குறிப்பு எண், சொல்லப்பட்ட பதில் ஆகியவற்றைக் குறித்து வைத்திருப்பவரின் புகாரை ஆராய்வது எளிது. “யாரோ ஒருவர் என்றோ தவறாகச் சொன்னார்” என்ற புகாரைக் கொண்டு எவரும் எதையும் திருத்த முடியாது.

இவ்வாறு புகார் செய்வதைச் சிலர் மரியாதைக் குறைவாக எண்ணித் தயங்குகின்றனர். குரலை உயர்த்துவதும் பணியாளரைப் பழிப்பதும் மரியாதைக் குறைவுதான். பணிவான சொற்களில் சட்டப் பிரிவைக் கேட்பதும், பதிலை எழுத்தில் வேண்டுவதும், உயர் அலுவலரிடம் பேச அனுமதி கோருவதும் குடிமக்களின் உரிமை. ஒருவர் சுட்டிக்காட்டும் தவறு திருத்தப்பட்டால், அதே கேள்வியுடன் அடுத்து அழைப்பவருக்குச் சரியான பதில் கிடைக்கும். சட்டத்தைத் தேடிப் படிக்க வசதியற்ற முதியவரோ, மலாய்மொழியில் சரளமாகப் பேச இயலாதவரோ, வெளிநாட்டிலிருந்து வந்து உழைப்பவரோ அவ்வாறு அழைக்கக்கூடும்.

குடும்பத்தில் படித்த பிள்ளைகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. பெற்றோரும் தாத்தா பாட்டியும் பெறும் அரசாங்கக் கடிதங்களைப் படித்து விளக்குவது, படிவங்களை நிரப்ப உதவுவது, தேதிகளை நினைவூட்டுவது ஆகியவை பள்ளிக் கல்வியின் நேரடிப் பயன்கள். “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. காதால் கேட்ட பதிலை ஏட்டில் எழுதப்பட்ட சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வளர்ந்தால், உழைத்தவருக்கு உரியது உரிய காலத்தில் வந்து சேரும்.