வந்தேறிச் சிப்பியும் வாழ்விழந்த சிப்பியும்

ஊர்விட்டு ஊர் செல்வோர் தம் மூட்டைகளை எண்ணிப் பார்த்தே புறப்படுவர். தாம் அறியாது உடன்கொண்டு செல்வனவற்றை எண்ணுவார் எவருமிலர். அங்ஙனம் எண்ணப்படாது சென்ற ஒரு சிற்றுயிர், வட அமெரிக்கப் பேரேரிகளிற் குடிபுகுந்து, ஆங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்த சிப்பிகளை அழித்த வரலாற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

வட அமெரிக்காவின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியனவாக ஏறத்தாழ 300 வகை நன்னீர்ச் சிப்பிகள் அறியப்பட்டுள்ளன. இவை மணலிலும் சேற்றிலும் பாதியுடல் புதைந்து, ஓட்டின் ஒரு முனையை மட்டும் வெளியே நீட்டி, நீரை உள்வாங்கி, அதிலுள்ள நுண்ணிய பாசி முதலியவற்றை உண்டு வாழ்வன. இவற்றின் இனப்பெருக்கம் பெரிதும் வியக்கத்தக்கது. தாய்ச்சிப்பி வெளிவிடும் இளவுயிர்கள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ பற்றிச் சிலகாலம் இருந்த பின்னரே தனிவாழ்வு பெறும். மீனை அருகழைத்தற்பொருட்டுத் தன் தசை விளிம்பைச் சிறுமீன் போல் அசைத்துக் காட்டும் சிப்பிகளும் உள. இவற்றுட் பல மெல்ல வளர்ந்து, பல பத்தாண்டுகள் வாழ்வன. ஆதலின், ஒருமுறை அழிந்த கூட்டம் விரைவில் மீளாது.

நிற்க. கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றைச் சார்ந்த நீர்நிலைகளுக்கு உரியது வரிக்குதிரைச் சிப்பி. உருவிற் சிறிய இதன் ஓட்டில் கருமையும் வெண்மையுமான வரிகள் காணப்படுதலின் இப்பெயர் பெற்றது. இதனை 1771-இல் பல்லாஸ் என்னும் அறிஞர் உலகிற்கு அறிவித்தார். பின்னர் ஐரோப்பியக் கால்வாய்களின் வழியே பரவிய இஃது, 1820-களில் இங்கிலாந்தையும் எய்தியது. சரக்கின்றிச் செல்லும் கப்பல் நிலைதடுமாறாதிருத்தற்கு அதன் அடியில் நீரை நிரப்புதல் வழக்கம். அந்நீரில் மிதந்த இதன் இளவுயிர்களே அமெரிக்காவிற்குச் சென்றன என்பர். 1988 ஜூன் மாதம் செயின்ட் கிளேர் ஏரியின் அடித்தரையை ஆராய்ந்த விண்ட்ஸர் பல்கலைக்கழகத்து இளம் ஆய்வாளர், கல்லோடு ஒட்டியிருந்த இதனைக் கண்டெடுத்தனர்.

இச்சிறு சிப்பி பெருஞ்சிப்பியை அழித்தவாறு யாங்ஙனம்? வரிக்குதிரைச் சிப்பிக்கு இடைநின்று தாங்கும் மீன் வேண்டா. ஒரு பெண்சிப்பி ஓராண்டில் பத்து லட்சம் வரை முட்டையிடவும் வல்லது. அன்றியும், இது நார் போன்ற இழைகளாற் கடினமான பொருளைப் பற்றி வாழ்வது. சேற்றுத்தரையிற் கல்லைக் காணாவிடத்து, வெளியே நீண்டிருக்கும் சிப்பியோட்டினையே கல்லாகக் கொண்டது. ஒரு சிப்பியின்மேற் பதினாயிரத்திற்கும் மேற்பட்டவை ஒட்டியிருந்ததும் உண்டு. அச்சுமையால் அது வாய் திறக்கவும் மூடவும், இடம்பெயரவும் இயலாதாயிற்று. தன்பால் வந்த உணவையும் மேலிருந்தவை கவர்ந்துகொள்ள, உடலிற் சேர்த்துவைத்த ஊட்டமும் தேய்ந்து மாண்டது. 1990-களின் இடைப்பகுதிக்குள் செயின்ட் கிளேர் ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் நாட்டுச் சிப்பிகள் பெரும்பாலும் இல்லையாயின.

ஏரிநீர் தெளிந்ததே, அஃது நன்றன்றோ என வினவலாம். அத்தெளிவு பலவுயிர்க்கு உணவாகிய நுண்பாசி குறைந்ததன் அடையாளமுமாம். இனி, பழி முழுவதையும் வந்தேறியின்மேற் சுமத்துதலும் நீதியன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மிசிசிப்பி ஆற்றுச் சிப்பிகளைச் சட்டைப் பொத்தான்களுக்காக வாரியெடுத்தோரும், அணைகளால் ஆறுகளைத் தடுத்தோரும், கழிவுகளை நீரிற் கலந்தோரும் மக்களே. முன்னரே நலிந்திருந்த இனத்தின்மேல் விழுந்த மற்றோர் அடியே இது.

செயின்ட் கிளேர் ஆற்றின் முகத்துவாரத்தையடுத்த ஆழமற்ற சதுப்பு நீர்நிலைகளில் நாட்டுச் சிப்பிகள் சில எஞ்சியுள்ளமை ஆறுதல் அளிக்கின்றது. கப்பல் நீரைப் பற்றி அமெரிக்க ஐக்கிய நாடு 1990-இல் சட்டம் இயற்றியது. உலக நாடுகள் 2004-இல் செய்துகொண்ட உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், பேரேரியிற் பரவிவிட்ட இவ்வுயிரை முற்றும் அகற்ற வழி காணப்படவில்லை. வருமுன் காத்தல் ஒன்றே வழியாம்.

தமிழ் பயிலும் நமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். அந்நாட்டு மக்கள் தம் சிப்பிகளுக்குக் குரங்குமுகம், பன்றிக்கால்விரல், பணப்பை எனப் பெயரிட்டு வழங்கினர். உற்றுநோக்கினார்க்கன்றி இத்தகைய பெயர்கள் வாரா. உயிர் அழியின் பெயர் நிகண்டில் மட்டுமே நிற்கும். அதன் பொருளைக் காட்டுதற்கு நீரில் ஒன்றும் இராது. சொல்லைக் காக்க விழைவோர் அச்சொல்லுக்குரிய பொருளையும் காத்தல் கடனன்றோ?