வட்டுக் காவல்

தோற்றுவாய்

பொன்னையும் நெல்லையும் காக்க மக்கள் பெட்டியும் பத்தாயமும் செய்தனர். அவற்றிற்குப் பூட்டும் இட்டனர். பிறர் நம்மை நம்பிக் கூறிய சொல்லுக்குப் பூட்டு யாது? முன்னாளில் அது கேட்டவனது நாவடக்கமே. இந்நாளிலோ கேட்ட சொல்லைக் கணினியில் ஏற்றி வைக்கின்றோம். ஆதலின் நாவடக்கம் மட்டும் போதாதாயிற்று. இவ்வுண்மையை நாம் நூலிற் கற்கவில்லை. ஒரு பிழையாற் கற்றோம். அப்பிழையையும், அதற்குத் தீர்வாக நாம் மேற்கொண்ட முறையையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுக்கும் பொருட்டுச் சிற்றூர்கள் சிலவற்றிற்குச் சென்றோம். ஓரூரில் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், தம் கணவர் இறந்தபோது தாமே கட்டிய ஒப்பாரியைப் பாடிக் காட்டினார். குடும்பத்தின் மனத்தாங்கல்கள் பலவும், உயிரோடு இருப்போர் பெயரோடு அதில் வந்தன. பாடி முடித்து, முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராசா, நான் கண்ணை மூடின பிறகு இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. அதுவரைக்கும் என் மருமகள் காதில் விழக்கூடாது. இந்தப் பெட்டிக்குப் பூட்டு இருக்கா?" என்று கேட்டார். "இருக்கிறது, பாட்டி" என்றோம். மடிக்கணினி திறக்கும்போது கடவுச்சொல் கேட்குமன்றோ? அதனையே பூட்டென்று எண்ணினோம்.

ஊர் திரும்புகையில் மடிக்கணினி இருந்த பையைப் பேருந்திலேயே மறந்து இறங்கினோம். மூன்றாம் நாள் நடத்துநர் ஒருவர் அதனைக் கண்டெடுத்துத் தந்தார். பொருள் மீண்டது, மனம் அமையவில்லை. விடுதியில் இயற்பியல் பயிலும் நண்பரிடம், "கடவுச்சொல் இருந்ததன்றோ? எவரும் கேட்டிருக்க முடியாதே?" என்றோம். அவர் விடை கூறாமல் ஒரு பென் டிரைவைச் செருகிக் கணினியை அதிலிருந்து இயக்கினார். பத்து நிமிடத்திற்குள் பாட்டியின் குரல் அவ்வறையில் ஒலித்தது. நம் கடவுச்சொல்லை அவர் கேட்கவுமில்லை.

கடவுச்சொல் பூட்டாகாமை

இஃது எங்ஙனம் இயன்றது? கடவுச்சொல்லைக் கேட்பது இயங்குதளம் என்னும் மென்பொருள். அது வாயிற்காவலனை ஒக்கும். வேறோர் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து எழுப்பினால் அக்காவலன் உறங்கியே கிடப்பான். வட்டில் உள்ள எழுத்துக்களோ எழுதியபடியே கிடக்கும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டினும் அதுவே நிகழும். ஆகவே வாயிலைக் காத்தல் போதாது. எழுத்தையே பிறர் அறியாவண்ணம் உருமாற்றி வைத்தல் வேண்டும். அவ்வுருமாற்றமே மறையாக்கம் எனப்படும்.

லினக்ஸும் அதன் பூட்டும்

நண்பர் நமக்குப் பரிந்துரைத்தது லினக்ஸ். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் இயற்றி வருவதாக அறிவித்தார். அப்போது அவர்க்கு வயது 21. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இதனை அடிப்படையாகக் கொண்ட தொகுப்புக்கள் பல. அவற்றுள் நாம் தேர்ந்தது டெபியன். இது 1993-இல் அமெரிக்க மாணவராகிய இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பெற்றது.

லினக்ஸில் வட்டை மறையாக்கும் அமைப்பு முறைக்கு லக்ஸ் என்று பெயர். அதன் நுட்பத்தைச் சுருங்கக் கூறுவாம். நிறுவும்போது கணினி தானே ஒரு முதற்சாவியை உண்டாக்கும். அது மனிதரால் நினைவிற் கொள்ளவொண்ணாத நீண்ட எண். வட்டில் எழுதப்படுவன யாவும் அச்சாவியால் உருமாற்றப்படும். அதற்குப் பயன்படும் முறை ஏ.இ.எஸ். என்பது, பெல்ஜிய நாட்டறிஞர் யோவான் டேமனும் வின்சென்ட் ரைமனும் வகுத்த இது 2001-இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பெற்றது. அம்முதற்சாவியைப் பொதிந்து வைத்திருப்பது வட்டின் தொடக்கத்திலுள்ள தலைப்பகுதி. நாம் இடும் கடவுத்தொடர் அப்பொதியைத் திறக்கும் இரண்டாஞ் சாவியே. ஆதலாற் கடவுத்தொடரை மாற்றினும் வட்டு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டுவதில்லை.

"முறையை எல்லாரும் அறிவாராயின் காவல் எங்ஙனம் நிற்கும்?" எனின், கூறுதும். அகஸ்தே கெர்க்காப்ஸ் என்பார் 1883-ஆம் ஆண்டிலேயே, மறையெழுத்தின் காவல் முறையின் இரகசியத்தில் நிற்றலாகாது, சாவியின் இரகசியத்தில் நிற்றல் வேண்டும் என வரையறுத்தார். பூட்டுச் செய்யும் தொழில் ஊரறிந்தது. ஆயினும் நம் வீட்டுச் சாவி நம்மிடமே உள்ளதன்றோ?

நிறுவும் முறை

முதலாவது, வட்டில் உள்ளவற்றையெல்லாம் வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும். பின்வரும் முறையில் வட்டு முழுவதும் அழிக்கப்படும். படியெடாதார் பின்னர் வருந்திப் பயனில்லை.

இரண்டாவது, டெபியன் நிறுவற்கோப்பை இணையத்திற் பெற்று, அதனோடு வெளியிடப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒத்து நோக்கல் வேண்டும். அவ்வெண் 64 குறிகளை உடையது. ஒரு குறி வேறுபடினும் கோப்பு பழுதுற்றதென்றோ பிறர் கைபட்டதென்றோ கருதி விலக்குக. பின்னர் அதனைப் பென் டிரைவில் எழுதுக. 8 ஜிகாபைட் கொள்வது போதும்.

மூன்றாவது, கணினியைப் பென் டிரைவிலிருந்து எழுப்புக. மொழி, இடம், விசைப்பலகை ஆகியன முறையே கேட்கப்படும். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, கண்டு மகிழ்ந்தோம். விசைப்பலகையை மட்டும் கருத்தோடு தேர்க. கணினி எழும்போது கடவுத்தொடரை அப்பலகை அமைப்பிலேயே தட்ட வேண்டியிருத்தலின், ஆங்கில எழுத்துப் பலகையே இடர் தராதது.

நான்காவது, வட்டைப் பகுக்கும் படி. இதுவே தலையாயது. வட்டு முழுவதையும் பயன்படுத்தி, மறையாக்கிய எல்.வி.எம். அமைக்கும் வழிகாட்டு முறை ஒன்று பட்டியலில் உண்டு, அதனைத் தேர்க. எல்லாக் கோப்புக்களும் ஒரே பிரிவில் அமைதல் புதியோர்க்கு எளிது. இம்முறையில், நினைவகம் நிரம்பும்போது கணினி வட்டில் ஒதுக்கி எழுதுவனவும் மறையாக்கத்துள் அடங்கும். அடுத்து வட்டின் மீது பொருளற்ற எழுத்துக்கள் நிரப்பப்படும். பெரிய வட்டாயின் இது பல மணி நேரம் செல்லும். நாம் மாலையிற் தொடங்கி உறங்கச் சென்றோம். அதன் பின்னர்க் கடவுத்தொடர் இருமுறை கேட்கப்படும்.

ஐந்தாவது, எஞ்சிய படிகள் தாமே நடைபெறும். இறுதியிற் கணினியை மீண்டும் எழுப்பினால், வேறெதுவும் தோன்றுமுன் கடவுத்தொடரைக் கேட்டு நிற்கும். அதனை இடாதவர்க்கு வட்டின் மறையாக்கிய பகுதி பொருளற்ற எழுத்துக் குவியலே.

கடவுத்தொடர் தேர்தல்

தமிழ் பயில்வார்க்கு ஈண்டு ஓர் எச்சரிக்கை. நாம் முதலில் எண்ணியது ஒரு குறட்பாவை ஆங்கில எழுத்தில் இடலாமென்பதே. நண்பர் நகைத்தார். திருக்குறள் 1330 பாக்களை உடையது. சாவியைத் தேடுவோன் பெயர்பெற்ற நூல்களையே முதலில் முயல்வான். அத்தனை பாக்களும் கணினிக்குச் சிறு பொழுதின் வேலை. மனப்பாடமானது பிறர்க்கும் மனப்பாடமே.

ஆகவே பகடை உருட்டிச் சொல் தேரும் முறையைக் கொண்டோம். 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பார் வகுத்தது இது. 7776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றுண்டு; ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் எண்களுக்கு ஒரு சொல் கிடைக்கும். இங்ஙனம் ஆறு சொற்களைக் கோத்தால், எழக்கூடிய தொடர்களின் தொகை 2-ஐ அடுத்து 23 சுழிகளை இட்ட எண்ணினும் மிகும். நொடிக்கு நூறு கோடித் தொடர்களை முயல்வோனுக்கும் அனைத்தையும் முயன்று முடிக்க ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகள் செல்லும். அன்றியும், லக்ஸின் புதிய பதிப்பு ஒவ்வொரு முயற்சியையும் வேண்டுமென்றே மெதுவாக்குகின்றது. அச்சொற்களைக் கொண்டு நகைப்பிற்கிடமான ஒரு கதை கட்டினோம். மூன்று நாளில் மனத்திற் பதிந்துவிட்டது.

காவலின் எல்லை

நிற்க. எக்காவலுக்கும் எல்லை உண்டு. கணினி இயங்கும்போது சாவி நினைவகத்தில் இருக்கும். அப்போது அது திறந்த பெட்டியே. மின்சாரம் நின்ற பின்னும் நினைவகத்திற் சிறிது பொழுது எழுத்து நிலைத்திருப்பதையும், அதிலிருந்து சாவியை எடுக்கலாமென்பதையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008-இல் காட்டினர். ஆதலின் பயணம் புறப்படுமுன் மூடியை மட்டும் மூடாது, கணினியை முற்றும் அணைத்தல் வேண்டும். கணினியை எழுப்பும் சிறு பகுதி இம்முறையில் மறையாக்கப்படுவதில்லை என்பதையும் அறிக. படிகள் வைத்திருக்கும் வேறு பென் டிரைவுகளும் மறையாக்கப்படல் வேண்டும். முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்திட்டாற் பயன் யாது?

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இப்பூட்டு கள்வனையும் உடையவனையும் வேறுபடுத்தி அறியாது. நம் வகுப்புத் தோழர் ஒருவர் நம்மைப் பார்த்துத் தாமும் இம்முறையை மேற்கொண்டார். விடுமுறை கழித்து மீண்டபோது தொடரை மறந்தார். இரண்டாண்டுக் குறிப்புக்கள் கண்முன் கிடந்தும் இல்லையாயின. எவராலும் அவர்க்கு உதவ இயலவில்லை; உதவ இயலுமாயின் அது பூட்டன்று. தலைப்பகுதி பழுதுறினும் இதே கேடு நேரும். தொடரை அறிந்திருந்தும் பயனில்லை.

ஆதலின் மூன்று செய்தோம். தலைப்பகுதியின் படியொன்றைத் தனியே எடுத்து வைத்தோம். லக்ஸின் புதிய பதிப்பில் 32 கடவுத்தொடர்கள் வரை அமைக்கலாமாதலின், இரண்டாவது தொடர் ஒன்றை அமைத்துத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஊரிலுள்ள அன்னையாரிடம் கொடுத்தோம். கோப்புக்களின் படியை மறையாக்கிய வேறொரு வட்டில் வைத்தோம். கடவுத்தொடரை என்றேனும் மாற்றினால், தலைப்பகுதியின் பழைய படியை அழித்துப் புதிது எடுத்தல் வேண்டும். பழைய படி பழைய தொடர்க்கே திறக்கும்.

முடிவுரை

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பாட்டியைக் காணச் சென்றோம். அன்று அவரிடம் கூறியது பிழையென்பதையும், பெட்டி மூன்று நாள் நம் கையில் இல்லாதிருந்ததையும் மறையாது கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், "யார் கேட்டாங்கன்னு தெரியாதா?" என்றார். "தெரியாது, பாட்டி." "இப்போ சாவி யார்கிட்ட?" நெஞ்சில் இருப்பதையும், அன்னையாரிடம் உறையில் இருப்பதையும் கூறினோம். "அம்மா கையில் இருக்குன்னா சரி. ஆனாலும் மருமகள் பேர் வருகிற அந்த ரெண்டு அடியை எடுத்துடு, ராசா" என்றார். அவர் முன்னிலையிலேயே எடுத்தோம்; விடுதி திரும்பியபின் படியிலிருந்தும் எடுத்தோம். ஒப்பாரியின் சிறந்த அடிகள் அவ்விரண்டுமே. அவற்றை இழந்தது நம் கவனக்குறைவால்.

மாணவ நண்பர்காள்! நம் கணினிகளில் நம்முடையன மட்டும் இல்லை. நண்பர் எழுதிய கடிதங்கள், பெற்றோரின் கணக்குகள், நம்மை நம்பிப் பேசியோர் குரல்கள் யாவும் உள்ளன. அவற்றைப் பூட்டுதற்கு வேண்டுவது ஒரு பென் டிரைவும், ஓர் இரவும், ஆறு சொற்களுமே. "பூட்டு இருக்கா?" என்று ஒருவர் கேட்கும்போது, "இருக்கிறது" என்று மெய்யாகக் கூறும் நிலையில் இருத்தல் நம் கடனாம்.