1776ஆம் ஆண்டின் 'கான்டினென்டல்' நாணயம்

அமெரிக்க நாணயங்களை ஆராய்வோர் பெரிதும் விரும்பித் தேடும் அரும்பொருள்களுள் ஒன்று, 1776 என்னும் ஆண்டும் 'கான்டினென்டல் கரன்சி' என்னும் பெயரும் பொறிக்கப்பெற்ற வட்டத் தகடாகும். சுதந்தரப் பிரகடனம் வெளியான ஆண்டையே அது தாங்கியிருத்தலின், புதிய நாடு தனக்கென வெளியிடக் கருதிய முதல் டாலருக்கு மாதிரியாக அடிக்கப்பட்டதென்று நெடுங்காலம் பலரும் கொண்டனர். அக்கொள்கை இன்று ஐயத்திற்கிடமாய் விட்டது.

அதன் உருவத்தை முதலில் காண்போம். ஒரு பக்கத்தில் கதிரவனும் நிழற்கடிகாரமும், 'ஓடுகின்றேன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லும், 'உன் வேலையைக் கவனி' என்னும் ஆங்கிலத் தொடரும் உள்ளன. காலம் விரைந்தோடுகின்றது, ஆதலின் தொழிலைச் செய் என்பது கருத்து. மறுபக்கத்தில் பதின்மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மாகாணத்தின் பெயர். நடுவில் 'நாம் ஒன்றே' என்பது. இவ்வமைப்பு பெஞ்சமின் பிராங்கிளினுக்கு உரியதென்பர். 1776 பிப்ரவரியில் காங்கிரஸ் மகாசபை வெளியிட்ட சில்லறை நோட்டுகளில் அது அச்சாயிற்று. 1787இல் செப்புக் காசுகளிலும் ஏறிற்று. ஆகவே சித்திரத்தின் பிறப்பிடம் தெளிவு. அதனை உலோகத்தில் அடித்தவர் யார், எங்கே, எப்பொழுது என்பனவே வினாக்கள்.

பழைய கொள்கையினர்க்கும் சான்றுகள் உண்டு. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளியான நோட்டுகளில் ஒரு டாலர் நோட்டு இல்லை. அதனிடத்தை நிரப்பவே நாணயம் கருதப்பட்டது என்றனர். சில தகடுகளில் 'ஈ. ஜி. செய்தது' என்று இலத்தீனில் காணப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எரிக் நியூமன் என்னும் அறிஞர், அது நியூயார்க்கைச் சேர்ந்த செதுக்குவேலைக்காரர் எலிஷா கல்லடெட்டைக் குறிக்கும் என்றார். இது பொருத்தமுள்ள ஊகமே.

ஆயின், அற்பச் செலவையும் எழுதி வைத்த காங்கிரஸ் மகாசபையின் குறிப்புகளில் இந்நாணயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மௌனம் ஒன்றையே பெருஞ்சான்றாகக் கொள்ளுதல் கூடாது. போர்க்காலத்தில் காகிதங்கள் அழிவதுண்டு. உலோகத்தின் சான்று இதனினும் வலிது. எஞ்சியவற்றுள் மிகுதியானவை வெள்ளீயக் கலவையால் ஆனவை. வெள்ளியில் மிகச் சிலவே கிடைத்துள்ளன. டாலர் என்றால் வெள்ளி என்றே அறிந்த மக்கள், வெள்ளீயத் துண்டை டாலராக ஏற்பார்களோ? மேலும், அக்காலத்து வெள்ளீயத்திற்குப் பேர்பெற்ற சுரங்கங்கள் பகைநாடாகிய இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்தன.

இந்நாணயத்தைப் பற்றிய பழைய செய்திகளும் ஐரோப்பாவினின்றே வருகின்றன. கேம்பிரிட்ஜில் ரசாயனப் பேராசிரியராயிருந்து பின்னர் லாண்டாப் அத்தியட்சரான ரிச்சர்ட் வாட்சன், தமக்குக் கிடைத்தவற்றை நிறுத்து, அவற்றின் அடர்த்தியைப் பியூட்டர் பாத்திரங்களினதோடு ஒப்பிட்டு, வெள்ளீயத்தில் சிறிது காரீயம் கலந்ததென ஊகித்து, 1786இல் வெளியிட்டார். காங்கிரஸே அதை அடித்ததென்று அவர் நம்பினார். எனினும் அவர் சோதித்த துண்டுகள் இங்கிலாந்தில் கிடைத்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். இதனினும் தெளிவானது, இயற்கை நூலறிஞர் ஜோசப் பாங்க்ஸின் தங்கையாரும் நாணயங்களைச் சேர்த்து வைத்தவருமாகிய சாரா சோபியா பாங்க்ஸ் அம்மையார் எழுதிய குறிப்பு. இது வழக்கில் செல்லாதது, அமெரிக்காவில் விற்று ஊதியம் பெறும் நோக்கத்தோடு ஐரோப்பாவில் அடிக்கப்பட்டது என்பதே அதன் சாரம்.

இவற்றையெல்லாம் தொகுத்து, 2018இல் எரிக் கோல்ட்ஸ்டைன், டேவிட் மக்கார்த்தி என்னும் இருவர், இது நாணயமன்று, போர் முடிவுற்ற 1783ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட பதக்கம் என்று வாதித்தனர். அமெரிக்க நோட்டு ஒன்று கையிலிருந்தால் எந்த நாட்டுச் செதுக்குவேலைக்காரரும் அச்சித்திரத்தைப் பார்த்தெழுதலாம் அன்றோ? தகட்டில் கண்ட ஆண்டு, பொருள் பிறந்த ஆண்டாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. சில தகடுகளில் 'கரன்சி' என்னும் சொல்லில் ஓர் எழுத்துக் குறைவதைக் கொண்டு, செதுக்கியவர் ஆங்கிலம் அறியாதவர் என்பாரும் உளர். இதனை யான் சான்றாகக் கொள்ளேன். தாய்மொழியில் வெட்டிய நம் கல்வெட்டுகளிலும் எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன.

என் மதியில் பின்னையோர் கட்சியே வலிது. கல்லடெட்டே செதுக்கினார் என்போர், 1783க்கு முற்பட்ட கடிதமோ கூலிக் கணக்கோ ஒன்றேனும் அமெரிக்காவினின்று காட்டுதல் வேண்டும்.