தொற்றுக் காலத்தில் வீட்டு முதியோரைக் காக்கும் முறை
(குரங்கணி, போடிநாயக்கனூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

ஊரெங்கும் பரவும் தொற்று நோயைத் தடுப்பது சர்க்காரால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. ஆஸ்பத்திரியும் மருந்தும் சர்க்கார் தரலாம். ஆனால் வீட்டில் பாட்டி எங்கே படுப்பது, அவருக்குக் கஞ்சி கொடுப்பவர் யார் என்பவற்றை வீட்டாரே தீர்மானிக்க வேண்டும். பல சமயங்களில் ஓர் உயிர் அத்தீர்மானத்தைப் பொறுத்தே நிற்கிறது. ஆகையால் அங்கத்தினர்கள் இப்பாடத்தைச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை உரக்கப் படித்து ஆலோசிப்பார்களாக.

1. முன் நடந்தவை

1918ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் தோன்றிய இன்புளூயன்சா சுரம் அவ்வாண்டு முடிவதற்குள் தேசம் முழுவதும் பரவி, ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. அந்நோயில் 20 முதல் 40 வயதுள்ளோர் பெருவாரியாக இறந்தனர். அவர்களுள்ளும் பெண்களே அதிகம். நோயாளிக்கு அருகிருந்து பணிவிடை செய்ததும், மற்றவர் உண்டு மிஞ்சியதை உண்டு மெலிந்திருந்ததும் அதற்குக் காரணங்களெனச் சொல்லப்படுகின்றன.

கோவிட்-19 என்னும் கொரோனா நோய் 2020 ஜனவரி 30ஆம் நாள் கேரளத்திலும், மார்ச்சு 7ஆம் நாள் தமிழ்நாட்டிலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மார்ச்சு 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமலாயிற்று. இந்நோயோ முதியோரையும், நீரிழிவு முதலிய நாட்பட்ட வியாதியுள்ளோரையும் மிகுதியாக வாட்டியது. 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனம் அவசர நிலை நீங்கியதாக அறிவித்தது. எனினும் கிருமி அழிந்துவிடவில்லை. வேறொரு நோய் வாராதென்றும் சொல்வதற்கில்லை.

இவ்விரண்டு அனுபவங்களிலிருந்தும் நாம் அறிவது யாதெனில், ஒவ்வொரு தொற்றும் தனக்கு எளியவர் யாரென வெவ்வேறாகத் தெரிந்து கொள்கிறது. தொற்றுச் செய்தி வந்தவுடன், "நம் வீட்டில் இதற்கு எளிதில் இரையாகக் கூடியவர் யார்?" என்று கேட்பதே முதல் கடமையாகும். பொதுவாக 60 வயது கடந்தோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, க்ஷயம் ஆகியவை உள்ளோர் இவ்வகையினர்.

2. நோய் வீட்டிற்குள் புகும் வழி

வீட்டோடிருக்கும் பெரியவர் நோயைத் தேடிப் போவதில்லை. வெளியே சென்று திரும்புவோரே அதைக் கொணர்கின்றனர். நம் பகுதியில் விடியற்காலையில் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோர் பலர். போடியில் கிட்டங்கிகளில் வரிசையாக அமர்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களும் பலர். மூடிய இடத்தில் ஒருவர் விடும் மூச்சை மற்றவர் உள்ளிழுப்பதால் நோய் பரவுகிறது. கொரோனாவில் சுரமும் இருமலும் தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்னரே அது பிறருக்குத் தொற்றக் கூடும். ஆதலின், "எனக்கு ஒன்றுமில்லையே" என்ற நம்பிக்கை போதாது.

காக்கப்பட வேண்டியவர் பெரியவர். கட்டுப்பாட்டை மேற்கொள்ள வேண்டியவர் வெளியே சென்று வருபவர். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பெரியவரை மூலையில் அடைத்துவிட்டு மற்றவர் வழக்கம்போல் நடமாடுகின்றனர்.

3. வீட்டு ஏற்பாடுகள்

(அ) காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தைப் பெரியவருக்குத் தருக. ஒரே அறையுள்ள வீடாயின், வேலைக்குச் செல்பவர் திண்ணையில் படுக்கலாம். மலைக் குளிரில் அது இயலாதெனில், இரு படுக்கைகளையும் எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி, சன்னலைச் சிறிதேனும் திறந்து வைக்க. விறகடுப்புப் புகை பெரியவர் இருக்குமிடம் சேராதிருக்கட்டும்.

(ஆ) வெளியிலிருந்து வந்தவர் சோப்பிட்டுக் கை கழுவுக. பெரியவரின் அருகே செல்கையில் மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் அணிக.

(இ) பெரியவருக்குப் பணிவிடை செய்ய, கூட்டமுள்ள இடங்களுக்கு அதிகம் செல்லாத ஒருவரை நியமிக்க. அவருக்கும் வேளைக்கு உணவும் ஓய்வும் அவசியம். 1918இன் பாடம் இதுவே.

(ஈ) நீரிழிவு, ரத்தக் கொதிப்பு மருந்துகளை ஒரு நாளும் நிறுத்தலாகாது. ஒரு மாதத்திற்கு வேண்டியதை முன்னரே வாங்கி வைக்க. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் இம்மருந்துகளை இல்லத்திற்கே கொணர்ந்தது.

(உ) தடுப்பூசிகளைச் சுகாதார நிலையத்தின் ஆலோசனைப்படி காலத்தில் போட்டுக் கொள்க.

(ஊ) காரணத்தைப் பெரியவருக்கு எடுத்துரைத்து அவர் சம்மதம் பெறுக. சொல்லாமல் தட்டைத் தனியே வைத்தால், தம்மைத் தீட்டென ஒதுக்கினர் என்று அவர் மனம் நோவார். பேரப் பிள்ளைகள் முற்றத்தில் நின்று நாள்தோறும் அவரோடு பேசட்டும். தனிமையும் ஒரு வியாதியே.

4. நோய் கண்டால்

முதியோருக்குச் சுரம் இல்லாமலும் நோய் வரலாம். திடீர்ச் சோர்வு, உணவு வேண்டாமை, பேச்சில் குழப்பம், ஓயாத தூக்கம் ஆகியவற்றையும் அறிகுறிகளாகக் கொள்க. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் அளவு 94க்குக் கீழே இறங்கினாலும், மூச்சு வாங்கினாலும், தாமதிக்காமல் 108க்குத் தெரிவிக்க. விரல் குளிர்ந்திருந்தால் கருவி தவறாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிப் பின் பார்க்க. குரங்கணியிலிருந்து போடி சுமார் 16 கிலோ மீட்டர். தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ இன்னும் அப்பால் கானாவிலக்கில் உள்ளது. சென்ட்ரல் ஸ்டேஷன் போன்ற மேட்டுக் குடியிருப்புகளிலிருந்து நோயாளியை இறக்குவது மேலும் கடினம். ஆகவே மலைவாசிகள் சமவெளியாரினும் முன்னதாகவே புறப்படுதல் வேண்டும்.

கபசுரக் குடிநீர் அருந்துவோர் அருந்துக. அது வைத்தியரை நாடுவதற்கு ஈடாகாது. வைத்தியர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கலாகாது. 2021இல் பரவிய கரும்பூஞ்சை நோய், நீரிழிவுள்ளோர் இம்மருந்தை மிகுதியாக உட்கொண்டதோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது.

5. சங்கம் செய்யத் தக்கவை

2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், 2021 மே மாதத்தில் 2,000 ரூபாயும் ரேஷன் கடைகள் மூலம் வழங்கப்பட்டன. கூட்டம் சேராதபடி நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் தரப்பட்டன. அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. 2025 ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் இல்லத்திற்கே பொருள்கள் கொண்டு செல்லப்பட்டன. முதியவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்னும் கொள்கை இதனால் நிலைபெற்றது. சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல், ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றைத் தானே செய்யலாம்: தனித்து வாழும் முதியோர் பட்டியல் வைத்தல், பொதுச் செலவில் ஓர் ஆக்ஸிமீட்டரும் ஒரு வெப்பமானியும் வாங்கித் தெருவுக்கு ஒருவர் பொறுப்பில் விடுதல், அவசரத்திற்கு ஒரு ஜீப்பை முன்கூட்டியே பேசி வைத்தல்.

தனி ஒருவனுக்குக் கடினமாயிருப்பது பலர் சேர்ந்தால் எளிதாகும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. கடன் விஷயத்தில் நாம் கைக்கொண்ட அம்முறையை உயிர் காக்கும் விஷயத்திலும் கைக்கொள்வோமாக.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் வீட்டில் எளிதில் நோய்க்கு இரையாகக் கூடியவர் யார்? அவருக்குப் பணிவிடை செய்பவர் யார்? அவர் நோயுற்றால் அடுத்தவர் யார்?
2. இரவில் நோயாளியைப் போடிக்குக் கொண்டு செல்ல வண்டியும் பணமும் யாரிடம் ஆயத்தமாயுள்ளன?
3. நம் ஊரில் கேட்பாரின்றித் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர்?